இரண்டு பதிகமும் ஒரு கோழியும்

இறைவனைப் பாடிக் கெட்டுப்போனவர் எவருமில்லை என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். இன்றும் நம்புகிறேன், ஆயினும், ஒரேயொரு கோழியை மட்டும் அந்த நம்பிக்கையிலிருந்து விலக்கி வைக்கவேண்டியிருக்கிறது.

நடந்தது நாலு வருடங்களுக்கு முன்னர். அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. (அறியாப் பருவம்.) பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்று, வாவியைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோவிலில் மாலைப் பூசைதோறும் பதிகம் பாடிவந்தேன். என் குரலைப் பற்றி நானே புகழ்ந்து சொல்லக்கூடாது. ஆனால் அந்நாளில் அடிக்கடி சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பாடும்போது கண் மூடும். மூடிய கண்ணிலிருந்து நீர் வழியும். அந்த நீரை எத்தனை பேர் காண்கிறார்கள் என்று அறிவதற்காக ஒரு கண் சற்றே திறக்கும். அத்தகைய பத்திமான் நான்.

மச்சம் தொடாதவனும்கூட. மீன், இறைச்சி, முட்டை எல்லாம் எங்கள் பக்கத்தில் மச்சம் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். என் மனைவி பரமேசுவோ கதிரவெளியில் பிறந்தவள். காலையில் கடலிலிருந்த மீன் மத்தியானம் சட்டியில் கொதிக்கும் வீடு அவளுடையது. விருந்தாளி வந்தால் முற்றத்துக் கோழியில் ஒன்று குறையும். அவள் என்னை மணந்து வந்த காலத்தில், வீட்டுக்குப் பின்னால் தனி அடுப்பும் தனிச் சட்டியும் வைத்து, தனக்கு மட்டும் ஆக்கிச் சாப்பிடுவாள். ஆனால் செவ்வாய், வெள்ளி ஆகாது. சதுர்த்தி ஆகாது, சஷ்டி ஆகாது, கார்த்திகை ஆகாது. கோவிலில் கொடியேறினால் ஆகாது. நான் விரதமிருந்தால் ஆகாது. நான் விரதமிருக்க உத்தேசித்தாலும் ஆகாது. இப்படி நாட்களைக் கழித்துக் கழித்து, மிஞ்சிய சில நாட்களையும் அவளே ஒரு நாள் விட்டுவிட்டாள். அந்த அடுப்பின்மேல் பூசணிக்கொடி படர்ந்திருக்கக் கண்டபோது, அவளுக்கும் பக்குவம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். (பக்குவம் வராதவன் ஒருவன் அந்த வீட்டில் இருந்தான். அவன் கண்ணாடி பார்ப்பது நெற்றியில் திருநீறு நேராக இருக்கிறதா என்று அறிய மட்டுமே.)

பிறகு அவளுக்கு நீரிழிவு என்னும் சீனி வருத்தம் வந்தது. கிளினிக்கில் இருந்த மிஸ்ஸி (தாதியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்), இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்.

"சோத்தை நல்லாக் குறைக்கோணும் அம்மா. கோழி, மீன், முட்டையக் கூட்டுங்க."

"எங்கட வீட்டில சைவம் மிஸ்ஸி."

"நீங்களும் சைவமா?"

பரமேசு ஒரு கணம் நிலத்தைப் பார்த்தாள். "அவர் சைவம்," என்றாள்.

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்னிடம் பதவுரை உண்டு. பொழிப்புரை எழுத இன்றுவரை துணிந்ததில்லை.

சோறில்லாத சாப்பாடு சாப்பாடே அல்ல என்பது எங்கள் மாவட்டத்தார் அனைவரும் ஏற்றுக்கொண்ட பொதுச் சமயம். அந்தச் சோறு ஒரு சிறு கோப்பையாகச் சுருங்கியபின், கீரையும் பருப்பும் வைத்துக்கொண்டு பரமேசு இரவுச் சாப்பாட்டின்முன் வெறுமனே இருப்பாள். நாலு வாய் தின்றுவிட்டுக் கோப்பையை நகர்த்துவாள். கையில் வளையல் கழன்று ஓடத் தொடங்கியது. ஒரு நாள் காலை, கிணற்றடியில் வாளிக் கயிற்றைப் பிடித்தபடியே தலை சுற்றி நிலத்தில் இருந்துவிட்டாள். கைத்தாங்கலாகத் தூக்கிய எனக்கு, அவள் உடம்பில் பாரமே இல்லை என்பது தெரிந்தது. அன்று மாலை கோவிலில் பாடியபோது என் குரல் எடுபடவில்லை.

எங்கள் ஒரே மகள் வாணி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளர். அவளைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னேன்.

"சோத்தைக் குறைச்சா வயித்துக்கு வேற என்னவும் குடுக்கத்தானே வேணும் அப்பா. நீங்க கீரையக் குடுத்தே காலத்தைக் கடத்தப் பாக்கிறீங்க."

"அம்மாதான் மச்சத்தை வெறுத்துட்டா, மகள்."

"ஆர் சொன்ன? அம்மா இஞ்ச என்ர குவாட்டர்ஸுக்கு வந்தா கோழிக்கறியில எலும்பையும் மிச்சம் விடுறல்ல."

(நாற்பது வருட இல்லறத்தில் எனக்குத் தெரியாத ஒரு கோழி வந்தாறுமூலையில் இருந்திருக்கிறது.)

"அப்ப ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க என்னைக்கு அவவக் கேட்டீங்க?"

அன்றுதான் தீர்மானித்தேன்: நானே சமைப்பேன். அதுவரை என் சமையல் அனுபவம் தேநீருக்கு வெந்நீர் வைப்பதோடு முடிந்திருந்தது. அதிலும் இரண்டு கேத்தில்கள் அடிப்பிடித்திருந்தன. ஆயினும், கடினமான பாடல்களுக்கெல்லாம் உரை கண்டவனுக்கு ஒரு கோழியா பெரிது என்று எண்ணினேன்.

வாணி முன்பொருமுறை வாங்கித் தந்த சிறிய மின்போறணை ஒன்று எங்கள் குசினியில் துணிபோர்த்தி இருந்தது. பேக்கரியில் பாண் சுடும் போறணையின் குட்டி என்று சொல்லலாம். அதில் செய்யக்கூடிய ஒரு பதார்த்தத்தை அவள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். மா இல்லை, கிழங்கு இல்லை, சோறு இல்லை. கோழித்துண்டுகளை உள்ளி (வெள்ளைப்பூண்டு), மிளகோடு பிரட்டி, கீரையின்மேல் அடுக்கி, கிறீம் ஊற்றி, மேலே சீஸ் தூவி வேகவைப்பது. கிறீமுக்குப் பதிலாக எங்கள் எருமைத் தயிரைத் துணியில் வடித்துக் கெட்டியாக்கிச் சேர்க்கலாம் என்றாள். மூடிவைத்து முப்பது நிமிடம். திறந்துவைத்து மேலே பொன்னிறம் வரப் பத்து நிமிடம்.

நாளும் பார்த்தேன். விரதமில்லாத ஒரு புதன்கிழமை; பரமேசு மாங்கேணியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்ப் பின்னேர பஸ்ஸில் திரும்புவாள். அந்த நாளிலும் இராகுகாலத்தை ஒதுக்கி நல்ல நேரம் குறித்துக்கொண்டேன். கோழி சுடுவதற்குப் பஞ்சாங்கம் புரட்டியவன் இத்தீவில் நான் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும்.

வாங்கிவந்த கோழியை வெட்டித்தரும்படி பக்கத்து வளவுப் பாக்கியத்திடம் கொடுத்தேன். பாக்கியம் எங்கள் வீட்டுக்கு உறவல்ல. உறவுக்காரருக்கு இல்லாத உரிமையெல்லாம் உள்ளவள்.

"ஆருக்கு வாத்தியார் கோழி?"

"பரமேசுக்கு."

"ஆர் சமைக்கிற?"

"நான்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "இது கோழிக்குத் தெரியுமா?"

அவள் வெட்டி முடித்துக் கழுவித் தந்தாள்.

"உப்பு மட்டும் பாத்துப் போடுங்க. உப்பில்லாட்டி வாயில வைக்க ஏலாது."

"உப்பை எப்பிடிப் பாக்கிற?"

"நாக்கில வச்சித்தான்," என்றவள், என் நெற்றியையும் கழுத்திலிருந்த உருத்திராக்கத்தையும் பார்த்தாள். "ஆ. அது ஏலாதே. சரி, பிள்ளையார் விட்ட வழி."

குசினிக் கதவைச் சாத்திக்கொண்டேன். வாழ்வில் முதன்முறையாக மச்சத்தைக் கையால் தொட்டேன். குளிர்ந்து, வழுக்கி, குழந்தையின் கன்னம்போல இருந்தது. கை கூசியது, கூசிய கையை அதட்டினேன். கிணற்றடியில் பாரமில்லாமல் தூக்கிய உடம்பை நினைத்துக்கொண்டபின் கூச்சம் விட்டது. உள்ளியைத் தட்டிப்போட்டேன். மிளகைத் தூவினேன். கீரை, கோழி, தயிர், சீஸ் என்று கோவில் மடைக்குப் படைப்பதுபோல ஒழுங்காக அடுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. உப்புப் போடவில்லை என்பதை அப்போது நான் அறியேன்.

இனி நேரம். போறணையில் நேரம் வைக்கும் திருகு ஒன்று உண்டு. அதைத் திருப்பியவுடன் டிக் டிக் என்று சத்தமிடத் தொடங்கியது. அந்தச் சத்தம் எந்தத் தாளத்துக்கும் அடங்காமல் ஓடி என் செவியைத் துன்புறுத்தியது. திருகை மறுபக்கம் திருப்பினேன். சத்தம் நின்றது, சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. நிறுத்தும்வரை தானாக நிற்காமல் எரியும் நிலை அது என்பதைப் பிற்பாடு வாணி விளக்கினாள். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. ஏனெனில் என்னிடம் அதைவிட உத்தமமான கடிகாரம் இருந்தது. பண்ணோடு நிதானமாகப் பாடினால் ஒரு பதிகத்துக்குக் கால் மணித்தியாலம். கோவில் மணியே என் பாட்டைக் கேட்டுத்தான் அடிக்கும். ஆகவே மூடிவைத்து இரண்டு பதிகம். திறந்துவைத்து, மூன்றாவது பதிகத்தில் ஏழு பாட்டு.

ஆனால் வேகும் கோழியின்முன் நின்று பதிகம் பாடலாமா? ஆகாது. சுவாமி அறையில்தான் பாடவேண்டும். மச்சம் தொட்ட கையோடு சுவாமி அறைக்குள் போகலாமா? ஆகாது. முழுகவேண்டும். எனவே போறணையை எரியவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். வழமையாக ஐந்து வாளி வார்ப்பவன் அன்று கோழியின் பொருட்டு இருபது வாளி வார்த்தேன். உலர்ந்த வேட்டி உடுத்தேன். திருநீறு குழைத்துப் பூசினேன். செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் ஆய்ந்து படத்துக்கு வைத்தேன். திரி திரித்து விளக்கேற்றினேன். இவையெல்லாம் நேரத்தில் சேரும் என்ற எண்ணம் எனக்கு எழவேயில்லை. பதிகம் தொடங்கும்போதுதானே நேரம் தொடங்குகிறது? அதுவரை கோழி எனக்காகக் காத்திருக்கும் என்று முழுமனத்தோடு நம்பினேன்.

பாடத் தொடங்கினேன். முதற் பதிகம் ஒழுங்காகவே போனது. இரண்டாவதில் பரமேசு வந்துவிட்டாள். நினைவில் வந்தாள் என்கிறேன். மணமகளாய் வந்தவள், பின்னடுப்பில் தனியே இருந்து சாப்பிட்டவள், அந்த அடுப்பையும் விட்டவள். என் குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் மீண்டும் பாடினேன், மீண்டும் உடைந்தது. ஒவ்வொரு பாட்டையும் இரண்டுதரம், மூன்றுதரம் பாடினேன். அன்று இரண்டு கண்களும் மூடியே இருந்தன. அவளை எனக்கு விட்டுத்தா என்பதைத் தவிர வேறொன்றையும் நான் அந்தப் பாட்டில் கேட்கவில்லை.

அறைக்குள் புகை வந்தது. சாம்பிராணி என்று எண்ணினேன். (நான் அன்று சாம்பிராணி போடவில்லை. அதனால் என்ன? அருள் என்று எண்ணினேன்.)

வேலிக்கு அப்பாலிருந்து பாக்கியத்தின் குரல் கேட்டது.

"வாத்தியார்... உங்கட குசினி பத்துதா?"

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால் இன்னும் இரண்டு பாட்டுகள் இருந்தன. பதிகத்தை இடையில் நிறுத்துவது பிழை என்று படித்திருக்கிறேன். எரியும் குசினியை அணைப்பது கடமை என்று நான் படித்த ஏட்டில் எங்கும் இல்லை. இரண்டையும் பாடினேன். கடைசிப் பாட்டை, பலன் சொல்லும் பாட்டாதலால், வழக்கம்போல இருதரம் பாடினேன். பிறகுதான் ஓடினேன்.

குசினிக்குள் எனக்கும் போறணைக்கும் இடையில் கறுப்புப் புகை சுவர்போல நின்றது. பாக்கியம் பின்கதவால் பாய்ந்து வந்து மின்சாரத்தை நிறுத்தினாள். நான் தோளிலிருந்த சால்வையால் தட்டைப் பிடித்து இழுத்தெடுத்துக்கொண்டு, இருமியபடி முற்றத்துக்கு வந்தேன்.

முற்றத்தில் ஊர் நின்றது. அதற்கு முன்னால் கோவில் வண்ணக்கர் நின்றார். கோவில் நிர்வாகம் முழுவதையும் பார்ப்பவர். புகையைக் கண்டு சைக்கிளை வீதியிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் கண்ட காட்சி இது: நெற்றி நிறையத் திருநீறு, மார்பில் உருத்திராக்கம், மடி வேட்டி, கையில் புகையும் கோழி.

"என்ன வாத்தியார் அது?"

"கோழி."

"கோழியா?"

"ஓம்."

"ஆருக்கு?"

"பரமேசுக்கு. டொக்டர்மார் சாப்பிடச் சொல்லியிருக்கினம்... அவ சாப்பிடுறாவில்ல."

என் குரல் அங்கேயும் உடைந்துவிட்டது. இனிக் கோவிலில் பாட விடமாட்டார் என்று நினைத்தபடி தலையைக் குனிந்து நின்றேன். வண்ணக்கர் நெடுநேரம் தட்டையே பார்த்தார். பிறகு மெல்ல மூச்சை இழுத்து முகர்ந்தார்.

"உள்ளி நல்லா மணக்குது," என்றார். "நாளைக்குப் பூசைக்கு நேரத்தோட வாங்க." கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் வாசற்படலையைக் கடக்கும்போது பரமேசு பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். புகையையும் ஆட்களையும் கண்டு என்ன நினைத்தாளோ, கைப்பையை வழியிலேயே விட்டிருந்தாள்.

"இவருக்கென்ன? இவருக்கென்ன பாக்கியம்?"

"அவருக்கு ஒண்டுமில்லகா. கோழிதான் ரெண்டாந்தரமும் செத்துப்போச்சு."

பரமேசு என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள்.

"நீங்க கோழியத் தொட்டீங்களா?"

"முழுகிட்டன்," என்றேன். பாடம் செய்யாத மாணவன் சொல்வதுபோலத்தான் வந்தது.

அவள் தட்டை வாங்கி உள்ளே கொண்டுபோய் நிலத்தில் வைத்து, அதன்முன் இருந்தாள். கரண்டிக் காம்பால் தட்டினாள். கொட்டாங்கச்சி ஓடுபோலச் சத்தம் கேட்டது. பொன்னிறம் வரவேண்டிய மேற்பரப்பு வீதிக்கு ஊற்றும் தார்போல இருந்தது. ஓரத்துத் துண்டுகள் கரி. பாக்கியம் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கியபடி, "இது போச்சு... இதுவும் போச்சு..." என்று இழவு வீட்டுக்காரிபோலச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் தடித்த ஓட்டைப் பெயர்த்தபோது மட்டும் உள்ளிருந்து வெள்ளையாக ஆவி எழுந்தது. நாலு துண்டுகள் தயிருக்குள் புதைந்து பிழைத்திருந்தன.

பரமேசு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். மென்றாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பரீட்சை முடிவுகள் வரும் நாளில்கூட நான் அப்படி நின்றதில்லை.

"உப்பில்ல," என்றாள்.

உப்புச் சாடியைக் கொண்டுவந்து நீட்டினேன். தொட்டுக்கொண்டாள். மறுபடி மென்றாள்.

"எப்பிடி?" என்றேன்.

"கரி மணக்குது." இன்னொரு துண்டை எடுத்தாள். "ஆனா உள்ளுக்கு நல்ல மெதுவா இரிக்கி."

நாலு துண்டையும் சாப்பிட்டாள். எலும்பைச் சூப்பினாள். அடியில் கீரையோடு கெட்டியாய்க் கிடந்த தயிரையும் விரலால் வழித்தாள். சோறு கேட்கவில்லை. பாக்கியம் எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு மெதுவாக எழுந்து போய்விட்டாள்.

"இவ்வளவு விருப்பமெண்டு எனக்குச் சொல்லியிருக்கலாமே பரமேசு."

"நீங்க பதிகம் பாடுற வாயால 'ஆகாது ஆகாது' எண்டு சொல்லக்குள்ள, நான் என்னத்தைச் சொல்ற?" அவள் சிரித்தாள். சிரிப்பினிடையே புரையேறியது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்: "மறுகா ஒருக்காச் செய்து தருவீங்களா? உப்பும் போட்டு."

போறணை அன்றோடு மாண்டது. வாணி வேறொன்று வாங்கித் தந்தாள், தானாகவே நிற்கும் ஒன்றாகப் பார்த்து. அன்றிலிருந்து புதன்தோறும் நான் சமைக்கிறேன். உப்புப் பார்ப்பவள் பாக்கியம். அந்த உத்தியோகத்துக்குச் சம்பளமாக ஒரு துண்டு எடுத்துக்கொள்வாள். நான் மச்சம் தின்பதில்லை. ஆனால் ஆகாத நாட்களின் பட்டியலைப் பாதியாக வெட்டிவிட்டேன். பரமேசுவின் வளையல் இப்போது கழன்று ஓடுவதில்லை. கிளினிக் மிஸ்ஸி அவளுடைய பரிசோதனைத் துண்டைப் பார்த்துவிட்டு, "என்னம்மா செய்றீங்க?" என்று கேட்டபோது, பரமேசு என் பக்கம் கையைக் காட்டினாள். "இவர் பாட, நான் தின்றன்."

கதை ஊருக்குப் போய்விட்டது. கல்யாண வீட்டில் சோறு குழைந்தால், சமைத்தவனைப் பார்த்து "எத்தனை பதிகம் வச்ச நீ?" என்று கேட்கிறார்கள். வண்ணக்கர் பூசை பிந்திய நாட்களில் என்னிடம் வந்து, "வாத்தியார், இண்டைக்கு மூடிவச்சா திறந்துவச்சா?" என்கிறார். வாணி பரிமாறும்போது அவளுடைய பிள்ளைகள் கறியை முகர்ந்து பார்த்து, "அம்மா, இதில பாட்டுக் கூடிட்டு," என்கிறார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

சென்ற திருவிழாவின்போதுதான் பொறுக்க முடியவில்லை. கோவில் நிறைந்த சனம். அபிடேகம் முடிந்து திரை விலகியது. நான் கண்ணை மூடி, குரலை உயர்த்தி, பதிகத்தின் எட்டாவது பாட்டில் உருகத் தொடங்கியிருந்தேன். எனக்குப் பின்னால் பெண்கள் நிற்கும் பக்கத்திலிருந்து, பரமேசு யாருக்கோ மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

"கோழி கருகப்போகுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த அடி மறந்துபோயிற்று. ஐம்பது வருடமாகப் பாடும் பாட்டு. ஒரு நாளும் மறவாத அடி. தேடினேன், கிடைக்கவில்லை. குருக்கள் தீபத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றார். வண்ணக்கர் கூரையைப் பார்த்தார். கோவில் முழுதும் அமைதியாயிற்று.

அப்போது, அதே இடத்திலிருந்து, பாடிப் பழகாத குரலில், பண் பிசகி, ஆனால் ஒரு சொல்லும் பிசகாமல், பரமேசு அந்த அடியை எடுத்துக்கொடுத்தாள்.